மாதிரிப் படம்

கிளினிக்கின் ஷட்டரைத் தூக்கிவிட்டு, வாளியில் பாதித் தண்ணீர் பிடித்தாள் பெரியக்கா. முன்பெல்லாம் வாளி நிறையப் பிடித்து ஒரே மூச்சில் மாடிப்படி ஏறிவிடுவாள். சில மாதங்களாகப் பாதி வாளிதான். அதையும் நடுப்படியில் இறக்கி வைத்து, முதுகின் நடுவில் ஓரிடத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொள்வாள். மறுபடி தூக்கும்போது ‘கடவுளே’ என்று ஒரு சொல் தானாக வரும். கேட்பவருக்குக் கேட்டால் போதும் என்பது போல மெல்லிய குரலில்.

மாடியில் நோயாளிகள் காத்திருக்கும் கூடம், அதை ஒட்டி பல் பார்க்கும் இரண்டு அறைகள், கோடியில் எக்ஸ்ரே அறை. துப்பும் கிண்ணங்களைத் தேய்த்துக் கழுவி, இரத்தப் பஞ்சைத் தனிப் பையில் கட்டி, தரையைத் துடைத்து முடித்தாள். கடைசியாகக் கூடத்துச் சுவரில் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு வந்தாள். அதை மட்டும் அவசரமில்லாமல் துடைப்பாள்.

பெட்டிக்குள் விளக்கு. விளக்குக்கு முன்னால் இரண்டு சாண் உயரத்துக்கு ஓர் எக்ஸ்ரே படம். ஒரு காதிலிருந்து இன்னொரு காதுவரை விரித்து வைத்த தாடை, அதில் ஒன்றுகூடக் குறையாத பல்வரிசை. கீழே நீல எழுத்தில், ‘தெளிவான படம், சரியான சிகிச்சை’ என்று இருந்தது.

அது அவளுடைய தாடை.

அந்த எக்ஸ்ரே மெஷின் புதிதாக வந்த அன்று, மாட்ட வந்த ஆள், “செக் பண்ண ஒரு ஆளு வேணும் சார்” என்றான். கிளினிக்கின் சொந்தக்காரரான பெரிய டாக்டர் சுற்றிலும் பார்த்தார். எக்ஸ்ரே எடுக்கும் பெண் கைப்பேசியை எடுத்தாள். மற்றவர்களுக்குத் திடீரென்று வேலை வந்துவிட்டது. டாக்டரின் பார்வை துடைப்பானோடு நின்றவள்மேல் நின்றது. “ஏம்மா, கம்மலைக் கழட்டிட்டு இங்க வா.”

பெரியக்கா கம்மலைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, சொன்ன இடத்தில் தாடையை வைத்து, கொடுத்த குச்சியைக் கடித்து, ஆடாமல் நின்றாள். மெஷின் அவள் தலையை ஒரு சுற்றுச் சுற்றியது. படம் திரையில் வந்ததும் மாட்ட வந்த ஆள், “ஒரு பல்லுகூடப் போகலியே. கண்காட்சியிலயே வைக்கலாம் சார்” என்றான். பெரிய டாக்டருக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது.

அன்று வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது, மரக்கடையில் வாட்ச்மேனாக இருக்கும் அவள் கணவர் யோசித்துவிட்டுக் கேட்டார். “அப்ப உள்ள இருக்கறது ஊருக்கு, வெளிய இருக்கறது மட்டும் எனக்கா?”

“வெளிய இருக்கறதையே நீங்க சரியாப் பாத்ததில்ல. போங்க.”

காலையில் விளக்குப் போடுவதற்கு முன் அந்தக் கண்ணாடியில் அவள் முகம் தெரியும். முன்பெல்லாம் படத்திலிருக்கும் பல்வரிசை சரியாக அவள் வாயின்மேல் வந்து உட்காரும். யாரும் இல்லாத கூடத்தில் அதைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள். இப்போது அப்படி உட்காருவதில்லை. பல்வரிசை மூக்குக்கு மேலே போய்விட்டது. பெட்டியின் மேல்விளிம்பு கைக்கு எட்டவில்லை.

“யாரோ பெட்டியத் தூக்கி மாட்டியிருக்காங்க” என்றாள், அப்போதுதான் படியேறி வந்த பெண்ணிடம். நோயாளிகளுக்கு எண் அட்டை கொடுக்கும் அந்தப் பெண்ணை எல்லோரும் டோக்கன் என்றே கூப்பிட்டார்கள்.

“அந்தப் பெட்டிய இறக்கக்கூட ஆள் கிடைக்கல, தூக்கி வேற மாட்டுவாங்களா? நீங்கதான் தேச்சுத் தேச்சுத் தேஞ்சு போயிட்டீங்க.”

“போடி. விளிம்புல தூசி இருக்கு. டாக்டர் வந்தா விரல வச்சுப் பாப்பாரு.”

குழந்தைகள் கால் வைத்து ஏற ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருந்தது. முழங்கால் உயரம்கூட வராது. அதை இழுத்துப் போட்டு ஏறினாள். விளிம்பைத் துடைத்துவிட்டு இறங்கும்போது ஸ்டூல் ஈரத்தரையில் ஒரு பக்கம் நழுவியது. பெரிய சத்தம்கூட இல்லை. வலது கையை ஊன்றி உட்கார்ந்தவள் போலத்தான் இருந்தாள். ஆனால் கை, மணிக்கட்டுக்கு மேலே, கரண்டியைப் போல வளைந்திருந்தது.

டோக்கன் தன் துப்பட்டாவை அவிழ்த்து, அந்தக் கைக்குத் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டாள். “அழுதுருங்க அக்கா, பரவால்ல” என்றாள்.

“தரை ஈரம். பாத்து நில்லு” என்றாள் பெரியக்கா.

பொது மருத்துவமனையில் கட்டுப் போட்ட இளம் டாக்டர் கேட்டார்: “எங்க இருந்து விழுந்தீங்க?”

“ஸ்டூல்ல இருந்து சார். இத்தனூண்டு ஸ்டூல்.”

“மாடியில இருந்து விழுந்த மாதிரி உடைஞ்சிருக்கே” என்று சொல்லிக்கொண்டே மாவுக்கட்டைத் தடவிச் சமமாக்கினார். வெளியே ஸ்ட்ரெச்சரில் யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் அங்கே போய்விட்டார்.

கட்டு இருந்த நாட்களில் கணவர்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டார். வேலை முடிந்து விடிகாலையில் வந்து, தூங்கப் போகுமுன், அவளைக் கதவுப் பக்கம் உட்காரவைத்துப் பின்னல் போடுவார். மரக்கடையில் காவலோடு லாரிச் சுமைக்குக் கயிறும் கட்டிப் பழகிய கை. முடிச்சு அவிழ்க்க வராது.

“இது தலையா, லாரியா?” என்பாள்.

“லாரின்னா வாய் பேசாம நிக்கும்.”

ஒருநாள் பின்னிக்கொண்டே, “உன் கழுத்துக்குக் கீழ முதுகு கூனுற மாதிரி இருக்கே” என்றார். “வயசாச்சுல்ல” என்று அவள் பேச்சை முடித்துவிட்டாள்.

விடுப்புச் சொல்ல அவள் கிளினிக்குக்குப் போன அன்று ஈறு டாக்டரம்மா வந்திருந்தார். வாரத்தில் ஒருநாள் மட்டும் வந்து ஈறு நோய் பார்ப்பவர். டோக்கன் அவரிடம், “இந்தப் படத்தத் துடைக்கப் போய்த்தான் மேடம் அக்கா கைய உடைச்சுக்கிட்டாங்க. வேடிக்கை என்னன்னா படமே அவங்களோடதுதான்” என்றாள்.

டாக்டரம்மா சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார். மாவுக்கட்டைப் பார்த்தார். பெரியக்கா நின்ற விதத்தைப் பார்த்தார். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் போய் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பற்களை விட்டுவிட்டு, தாடையின் கீழ் ஓரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தார்.

“அம்மா, உங்களுக்கு முதுகு வலிக்குதா?”

“அது இருக்கு, ரொம்ப நாளா.”

“உயரம் குறைஞ்ச மாதிரி தெரியுதா?”

பெரியக்கா டோக்கனைப் பார்த்தாள். டோக்கன் கீழே பார்த்தாள்.

டாக்டரம்மா பேனாவின் பின்முனையால் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார். “இங்க பாருங்க. தாடைக்குக் கீழ ஓரத்துல வெள்ளையா ஒரு பட்டை தெரியணும். தடிமனா, ஒரே சீரா. உங்களுக்கு அது மெலிஞ்சு, கரையான் அரிச்ச மாதிரி இருக்கு. உடம்புல மத்த எலும்பும் இப்படி இருக்கலாம்னு அர்த்தம். இத வச்சே முடிவு சொல்ல முடியாது. எலும்பு ஸ்கேன்னு ஒண்ணு இருக்கு, அதப் பண்ணிப் பாக்கணும். அப்படி இருந்தா மாத்திரை இருக்கு. அடுத்த எலும்பு உடையாமப் பாத்துக்கலாம்.”

“இது மெஷின் வந்தப்பவே எடுத்தது டாக்டரம்மா.”

“தெரியுது.” பேனாவைக் கீழே இறக்கி, “வாரா வாரம் இதுக்குக் கீழதான் நடந்து போறேன்” என்றார். அது யாரிடம் சொன்னதென்று தெரியவில்லை. உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி, உறையில் போட்டு, அவளுடைய இடது கையில் வைத்து, அந்தக் கையைத் தன் கையால் மூடினார்.

பெரிய டாக்டரின் அறைக்குள் டாக்டரம்மாவும் அவரும் பேசியது கொஞ்சம் வெளியே கேட்டது. “நாம பல்லுக்குத்தான எடுக்கறோம்?” என்றது பெரிய டாக்டரின் குரல். பிறகு பெரியக்காவை உள்ளே கூப்பிட்டார்.

“பாரும்மா, எலும்பு வீக்குன்னு டாக்டர் சொல்றாங்க. இத வச்சுக்கிட்டு வேலை பாத்து, நாளைக்கு இடுப்ப உடைச்சுக்கிட்டா என் தலைல விழும். அந்த ஸ்கேனப் பண்ணிக்கோ. வேலை பாக்கலாம்னு எழுதி வாங்கிட்டு வா. அதுக்கப்புறம் உன் வாளி, உன் துடைப்பான். யாரு வேணாம்னா?”

எலும்பு ஸ்கேன் பெரிய மருத்துவமனையில் மட்டும்தான் இருந்தது. வரிசை படியிறங்கி வாசல்வரை நின்றது. பின்னால் நின்ற ஒரு கிழவர், “கையில கட்டோட எவ்வளவு நேரம் நிப்பே? உக்காரும்மா, உன் இடத்த நான் பாத்துக்கறேன்” என்றார். தன் முறை வந்தபோது அவளைக் கூப்பிட்டு முன்னால் விட்டார்.

பதிவுச் சாளரத்துக்குப் பின்னால் இருந்தவர் கடிதத்தைப் படித்தார். “கிளம்பிப் போயிட்டு அடுத்த வருஷம் வாங்கன்னுதான் எல்லாருக்கும் சொல்றோம். படத்துல சந்தேகம் இருந்தா முன்னாடி தேதி உண்டு. படம் எங்க?”

அடுத்த நடையில் படத்தைக் கொண்டுபோனாள். டோக்கன் கணினியிலிருந்து அச்செடுத்துக் கொடுத்திருந்தாள். சாளரக்காரர் அதை விளக்குக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தைப் படித்தார். கடிதத்தைப் படித்தார். மறுபடி படத்தைப் படித்தார்.

“சாம்பிள்னு போட்டிருக்கு. சாம்பிள் யாரு, உங்க வீட்டுக்காரரா?”

“அது நான்தாங்க. மெஷின் செக் பண்ணக் கூப்பிட்டாங்க. பேரு கேக்கல.”

“நீங்கதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

பெரியக்கா என்ன செய்வதென்று தெரியாமல் வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். சாளரக்காரர் கெட்டவரில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “அப்படியெல்லாம் பாத்து எழுத முடியாதும்மா. பேரு போட்ட படம் ஒண்ணு கொண்டாங்க. அன்னிக்கே தேதி போட்டுத் தர்றேன்” என்றார்.

அவள் நேராகக் கிளினிக்குக்கு வந்தாள். பெரிய டாக்டர் சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்தார். படியிலேயே நின்று அவள் சொன்னதைக் கேட்டார்.

“பழைய ஃபைல்ல பேரு மாத்தறதெல்லாம் தப்பும்மா. நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா?”

“அது என் படம்தான சார்?”

“உன் படம்தான். யாரு இல்லேன்னா? ஆனா நீ பேஷண்ட் இல்லியே. வேலைக்கு வந்த இடத்துல எடுத்தது.”

“அப்ப புதுசா ஒண்ணு எடுத்துக் குடுங்க சார். பேரு போட்டு.”

“எடுத்துட்டாப் போச்சு. இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? கூட்டம் இல்லாத நாளாப் பாத்து டோக்கன் ஃபோன் பண்ணும்.” இரண்டு படி இறங்கி, திரும்பி, “உடம்பப் பாத்துக்கோ” என்றார்.

ஃபோன் வரவில்லை. மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளேயிருந்து கை மெலிந்து, தோல் உரிந்து, வேறு யாருடையதோ போல வந்தது. பெரியக்கா வீட்டில் அரைக் குடம் தூக்கிப் பார்த்தாள். வாசலைப் பெருக்கிப் பார்த்தாள். தேநீர்க்கடையில் டம்ளர் கழுவ ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனாள். கையைப் பார்த்துவிட்டு, “சரியாகட்டும், வாங்க” என்றார்கள். கணவர் பகலிலும் ஓர் இடத்தில் காவல் நிற்க ஆரம்பித்தார். பின்னல் போடும்போதே அவர் கண் சொருகியது. சீப்பு பாதி முடியில் நின்றுவிடும். அவரை எழுப்பாமல் அவள் அப்படியே உட்கார்ந்திருப்பாள்.

அவளே ஃபோன் செய்தாள்.

“நேர்ல வந்து உக்காருங்க அக்கா” என்றாள் டோக்கன். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆளு கண்ணுல பட்டாத்தான் அவருக்கு ஞாபகம் வரும். நான் நாலு தடவ சொல்லிட்டேன். பாப்போம் பாப்போம்னு பல்லக் குடைஞ்சுட்டுப் போறாரு.”

மறுநாள் காலையிலேயே போய்விட்டாள். படியேறி முடித்தபோது மூச்சு வாங்கியது. கூடத்தில் நாற்காலி காலியில்லை. சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். எல்லோரும் பெண்கள், எல்லோரும் அவள் வயதுக்காரர்கள். கம்மலைக் கழற்றிக் கைப்பைக்குள் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

படம் அங்கேதான் இருந்தது. நீல எழுத்து மட்டும் மாறியிருந்தது. ‘உங்கள் எலும்பு உறுதியாக இருக்கிறதா? பல் எக்ஸ்ரே முன்கூட்டியே சொல்லும். உள்ளே கேளுங்கள்’ என்று இருந்தது. தாடையின் கீழ் ஓரத்தில், ஈறு டாக்டரம்மா பேனாவால் தொட்ட அதே இடத்தில், ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது.

“டாக்டரம்மா இருக்காங்களா?”

“அவங்க இப்ப வர்றதில்ல அக்கா.” டோக்கன் இழுப்பறையைத் திறந்தாள். “உங்க விஷயமாத்தான் பெரிய டாக்டரோட பேச்சு முத்திப் போச்சு. போறப்ப இத உங்ககிட்டக் குடுக்கச் சொன்னாங்க.” காகிதப் பையில் சுண்ணாம்புச்சத்து மாத்திரை அட்டைகள் இருந்தன. ஒவ்வோர் அட்டையிலும் பெரிய எழுத்தில், ‘சாப்பிட்ட பிறகு, ஒன்று’ என்று எழுதியிருந்தது. பையின்மேல் அவளுடைய முழுப்பெயர் எழுதியிருந்தது. இந்தக் கட்டடத்தில் அந்தப் பெயரை அவள் பார்ப்பது அதுதான் முதல்முறை.

டோக்கன் தன் நாற்காலியில் இருந்த குஷனை எடுத்து, ஒரு முக்காலியைச் சுவரோடு சேர்த்துப் போட்டு, அதன்மேல் வைத்தாள். “முதுகச் சாச்சுக்கோங்க. இடையில யாராவது வரலேன்னா உங்கள உள்ள விட்டுடறேன்.”

யாரும் வராமல் இருக்கவில்லை. எக்ஸ்ரே அறையின் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. புதிதாக வேலைக்கு வந்திருந்த பெண் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். நெடுநெடுவென்று உயரம். பெட்டியின் மேல்விளிம்பை நின்ற இடத்திலிருந்தே ஒரு வீச்சில் துடைத்தாள்.

“ஈரத்துணி வேணாம்மா” என்றாள் பெரியக்கா. “தண்ணி உள்ள இறங்கினா படம் கெட்டுடும். காஞ்ச துணியால துடைச்சுட்டு, அப்புறமாத் தரைக்குப் போ. தரை ஈரமா இருந்தா அந்த ஸ்டூல் வழுக்கும்.”

“எனக்கு எதுக்கு ஸ்டூலு?” என்று சிரித்தாள் அவள். பிறகு, “கொஞ்சம் காலத் தூக்கிக்கிறீங்களா?” என்றாள். பெரியக்கா இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். துடைப்பான் கீழே போய் வந்தது.

பக்கத்தில் இருந்த அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “பல்லப் பாருங்களேன், முத்துக் கோத்த மாதிரி. யாரா இருந்தாலும் குடுத்து வச்சவ.”

அவளுக்கு அடுத்தவள் சொன்னாள்: “பல்லு நல்லாருந்து என்ன? எலும்பு அரிச்சிருக்காம், அம்பு போட்டிருக்கு பாருங்க. ஆனா நேரத்துக்குக் கண்டுபிடிச்சுட்டாங்க. இந்நேரம் மாத்திரை சாப்பிட்டு நல்லா நடமாடிட்டிருப்பா.”

அந்த அம்மாள் பெரியக்காவின் பக்கம் திரும்பினாள். “நீங்களும் எலும்பு பாக்கத்தான் வந்தீங்களா?”

“ஆமா” என்றாள் பெரியக்கா. சொல்லிவிட்டு உதட்டை மூடிக்கொண்டாள்.

பெரிய டாக்டர் இரண்டு தடவை கூடத்தைக் கடந்து போனார். முதல் தடவை கைப்பேசியில் பேசிக்கொண்டு. இரண்டாம் தடவை அவளைப் பார்த்துத் தலையாட்டி, “வந்திருக்கியா? உக்காரு, உக்காரு” என்றார். அவள் எழுந்து நிற்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

கூடம் காலியாகத் தொடங்கியது. கடைசி அம்மாளும் கம்மலை மாட்டிக்கொண்டு, தன் பெயர் அச்சிட்ட உறையை நெஞ்சோடு அணைத்தபடி படியிறங்கினாள். எக்ஸ்ரே எடுக்கும் பெண் மெஷினுக்குத் துணி போர்த்திவிட்டு வந்து, “சூடாயிருச்சு அக்கா. இனி நாளைக்குத்தான் ஓடும்” என்றாள். களைப்பில் அவள் கண்களும் சிவந்திருந்தன.

“நாளைக்கு முதல் ஆளா விட்டுடறேன் அக்கா. நிச்சயமா” என்றாள் டோக்கன்.

“நீ என்ன பண்ணுவே, பாவம்” என்றாள் பெரியக்கா. குஷனைத் தட்டி, டோக்கனின் நாற்காலியில் கொண்டுபோய் வைத்தாள்.

டோக்கன் ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தாள். பெட்டியின் விளக்கும் அணைந்தது. கண்ணாடியில் பெரியக்காவின் முகம் வந்தது. பல்வரிசை அவள் கண்களுக்கு மேலே கிடந்தது. அவள் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தாள். அது இறங்கவில்லை. சிவப்பு அம்பின் கூர்முனை மட்டும் அவளுடைய மூடிய வாயின்மேல் சரியாக வந்து நின்றது.